ஒரே பிள்ளைக்கு மூன்று சந்திரன்

இணுவில் பக்கத்துச் சாத்திரியார் ஒருவரிடம் பிள்ளைகளின் குறிப்பை, அதாவது சாதகத்தை, கொண்டுபோய்க் காட்டினேன் என்று தெரிந்த நாளிலிருந்து ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித் தொண்டை நோகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். ஏ.எல் என்கிற உயர்தரப் பரீட்சைக்குக் கணிதமா உயிரியலா என்று முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால் அவரிடம் போக வேண்டாம். உங்கள் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைப் பற்றி ஆறுதலாக இருந்து கதைக்க ஓர் ஆள் தேவை என்றால் போங்கள், அதற்கு 2,000 ரூபா பெரிய காசில்லை. நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்றரை. ஒன்றரை எங்கே போனது என்பதையும் சொல்கிறேன்.

இந்தக் கதை தொடங்கியது சாத்திரியாரிடம் இல்லை, நகரில் உள்ள ஒரு போட்டோகொப்பிக் கடையில். மூத்தவள் ஓ.எல் என்கிற சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்ததும் மாமி ஒரே பிடி: “பிள்ளையின்ர குறிப்பைக் காட்டிப்போட்டு முடிவெடுங்கோ.” வீட்டில் இருந்த குறிப்பு மாமா உயிரோடு இருந்த காலத்தில் எழுதுவித்தது, கொப்பித்தாள் மஞ்சளாகிக் கிழியத் தொடங்கிவிட்டது. சரி, புதிதாக ஒன்று அடிப்போம் என்று இவர் கொம்பியூட்டர் சாதகம் அடிக்கிற கடைக்குப் போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். வழுவழுப்பான அட்டையில் பிள்ளையார் படம். உள்ளே ‘சந்திரனும் சிந்தனையும்’ என்று ஒரு பகுதி. மகளுக்குச் சந்திரன் விருச்சிகத்தில், அங்கே சந்திரன் நீசம், அதாவது பலம் குறைந்த இடம், எனவே மனம் அலைபாயும், கல்வியில் தடை, முடிவெடுக்கத் திணறுவார், ஆனால் உள்ளுக்குள் மிகுந்த திறமை உண்டு, அதை மற்றவர்கள் உணர்வதில்லை. மாமி அதை வாசித்துவிட்டு ஒரு நேரச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்.

நான் கணித ரீச்சர். பயப்படுகிறதற்கு முதல் சரிபார்க்கிற பழக்கம். மகளின் பெயரை மறைத்து அந்தப் பகுதியைப் போட்டோகொப்பி எடுத்துப் பள்ளிக்கூடத்தில் சக ரீச்சர்மாருக்குக் கொடுத்தேன், “இது உங்கட ராசிக்கு வந்தது, சரியோ பாருங்கோ” என்று. விஞ்ஞான ரீச்சர் உட்பட எல்லோரும் தங்களை அப்படியே உரித்துவைத்தது போல என்றார்கள். இதில் புதினம் ஒன்றும் இல்லை. 1948 இல் பேர்ட்ரம் ஃபோரர் என்கிற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு இதையே செய்தார். உனக்கென்று எழுதியது என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார்; அதில் இருந்த வசனங்கள் கடையில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ‘உள்ளுக்குத் திறமை உண்டு, மற்றவர்கள் உணர்வதில்லை’ என்பதை மறுக்கிற மனிதரை நான் இன்னும் காணவில்லை. அந்தப் புத்தகத்துக்குப் புள்ளி போடுவதென்றால் அட்டைக்கு மட்டும் போடலாம்.

ஆனால் அதில் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. மாமா எழுதுவித்த பழைய குறிப்பில் பிள்ளைக்கு அனுஷம் நாலாம் பாதம், அதாவது அந்த நட்சத்திரத்தின் கடைசிக் கால்வாசி. கொம்பியூட்டரில் அடுத்த நட்சத்திரமான கேட்டை முதலாம் பாதம். அதே நாள், அதே நேரம், அதே ஆஸ்பத்திரி. இது போதாதென்று, கனடாவில் இருக்கிற என் அண்ணாவின் மகள் ஏதோ ஒரு அப்பில் இவளின் விவரத்தைப் போட்டுப் பார்த்து, “மச்சாள், உனக்கு மூன் தனுசில, நீ நெருப்பு” என்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஒருத்தியின் பிறப்புக்கு மூன்று சந்திரன் வந்தால் எந்தச் சந்திரனைக் கொண்டு அவள் யோசிக்கிறாள்? அதைக் கேட்கத்தான் இணுவிலுக்குப் போனேன். மாமிக்கு நான் சொன்ன காரணம் வேறு.

பழைய கல்வீடு. முன் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள், சுவரில் இரண்டு பஞ்சாங்கமும் பக்கத்தில் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன: பழைய வாக்கியங்களை வைத்துக் கணிக்கிற கொக்குவில் வாக்கியம், திருத்தங்கள் சேர்த்துக் கணிக்கிற மட்டுவில் திருக்கணிதம். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் இரண்டையும் ஒன்றாகக் காண்பது குறைவு. வருசப்பிறப்பு நேரத்துக்கே இரண்டு கட்சியாகப் பிரிகிற ஊர் இது.

ஐயா எழுபதைத் தாண்டிய மனிதர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். பெயர் போட வேண்டாம் என்றார். மூன்று சந்திரனைப் பற்றிக் கேட்டதும் சந்தோசப்பட்டார். “உதைக் கேக்க ஒருத்தரும் வாறேல்ல ரீச்சர். எல்லாரும் எப்ப கலியாணம், எப்ப விசா எண்டுதான்” என்றார்.

கனடாச் சந்திரனை முதலில் கழித்தார். மேலைத்தேசத்தார் மேஷத்தின் தொடக்கத்தை இரவும் பகலும் சமமாகிற மார்ச் மாதப் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள், நாங்கள் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறோம். பூமியின் அச்சு மெல்லச் சுற்றுவதால் அந்த இரண்டு தொடக்கமும் விலகி விலகி இப்போது ஏறத்தாழ 24 பாகை இடைவெளி. அதுதான் அயனாம்சம். ஒரு ராசி 30 பாகை, ஆகவே இங்கே விருச்சிகத்தில் 17 பாகையில் நிற்கிற சந்திரன் அங்கே தனுசில் 11 இல் நிற்கும். பத்தில் எட்டுப் பேருக்கு இப்படி ஒரு ராசி தள்ளித்தான் வரும். “ரெண்டும் அவையவையின்ர கணக்கில சரி. ஆனா அங்கத்தைய ராசிக்கு இங்கத்தைய பலனை வாசிக்கப்படாது” என்றார். கணக்காக விளங்கிக்கொள்ளலாம். பலனாக எனக்கு அது இன்னும் தொண்டையில் நிற்கிறது: ஒரே வானம், ஒரே சந்திரன், ஒரு பிள்ளை. ஒரு பக்கம் ஆழமாகத் தோண்டுகிற நீர் ராசி, மற்றப் பக்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கிற நெருப்பு ராசி. அண்ணாவின் மகள் தனுசுப் பலனை அனுப்பியபோது இவளும் “ஐயோ இது நான்தான்” என்றுதான் பதில் போட்டாள்.

அனுஷம், கேட்டைச் சிக்கல் இன்னும் சுவையானது. சந்திரன் 27 நாளும் கொஞ்சமும் எடுத்து வானத்தைச் சுற்றுகிறது, ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை), ஆகவே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு நட்சத்திரம். ஆனால் அது ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகம், எட்டப் போனால் மந்தம். வாக்கிய பஞ்சாங்கக்காரர் இதற்குப் பாவிப்பது வரருசியின் பெயரில் வழங்கும் 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துக்களும் இலக்கங்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியமாக 248 நாளும் சந்திரன் எவ்வளவு ஓடியிருக்கும் என்று சொல்லும். ஏன் 248? சந்திரன் கிட்ட வந்து மறுபடி கிட்ட வர 27.55 நாள். அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். கல்குலேட்டர் இல்லாத காலத்தில் இதைப் பாட்டாகப் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள் என்று அவர் சொன்னபோது நான் குறிப்பை மறந்துவிட்டேன். 2,000 ரூபாவில் பாதி அந்த இடத்திலேயே செரித்துவிட்டது.

சூரியனின் இழுவையால் சந்திரன் முன்பின்னாகிற திருத்தங்கள் அந்த வாக்கியங்களில் இல்லை. திருக்கணிதம் அவற்றையும் சேர்க்கிறது. அதனால் சில நாட்களில் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையில் ஒரு பாகைக்கு மேலேயே வித்தியாசம் வரும், நட்சத்திரம் முடிகிற நேரம் மணிக்கணக்கில் மாறும். என் மகள் பிறந்தது அப்படிப்பட்ட எல்லையில். வாக்கியத்தின்படி அவள் சனியின் நட்சத்திரமான அனுஷத்தில் கடைசித் துண்டு, திருக்கணிதத்தின்படி புதனின் நட்சத்திரமான கேட்டையில் முதல் துண்டு.

பெரிய வித்தியாசமா? திசையைப் பாருங்கள். ஆயுளைக் கிரகத்துக்கு இத்தனை வருடம் என்று திசைகளாகப் பிரிக்கிற விம்சோத்தரி என்கிற 120 வருடக் கணக்கு பிறந்த நேரத்துச் சந்திரன் நிற்கிற நட்சத்திரத்திலிருந்துதான் தொடங்கும். அனுஷம் என்றால் சனி திசையில் மிச்சம் ஒரு வருடமளவு, பிறகு புதன் 17 வருடம், ஏ.எல் எழுதுகிறவரை கல்விக்கு நல்லது என்கிற புதன் திசை. கேட்டை என்றால் புதன் 16 வயதோடு முடிந்து, ஏ.எல் முழுக்கக் கேது. கேது என்ற சொல்லைக் கேட்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். கணிதம் படித்தவளுக்கும் முகம் இருக்கிறதுதானே. “பயப்பிடாதேங்கோ, கேது திசையில டொக்டரானவையும் இருக்கினம்” என்றார் ஐயா. அவர் கோயில் காரியத்துக்கு வாக்கியமும் குறிப்புக்குத் திருக்கணிதமும் பாவிக்கிறாராம். காரணம் கேட்டேன். “சாமி கோவிக்காது, கணக்குக் கோவிக்கும்.”

இனி யோசிக்கிற விதத்துக்கு வருவோம். அவர் தாளைத் திறக்க முதலே மகளோடு கதைத்தார். கடைசிப் பாடவேளைக்கு என்ன பாடம், எந்த ரீச்சர் படிப்பித்தால் நித்திரை வரும், படிக்கேக்க பாட்டுப் போடுவாயோ, இந்த மாதிரிக் கேள்விகள். அவளும் என்னிடம் சொல்லாத ஒன்றிரண்டை அவரிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கட்டத்தைப் பார்த்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. சூரியன் ஆன்மா, சந்திரன் மனம் என்பது வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் வைத்த கணக்கு. சந்திரன் மனதிலிருந்து பிறந்தான் என்பது அதற்கும் முந்திய புருஷ சூக்தம். ஆனால் மனம் வேறு, புத்தி வேறு. புத்திக்குப் புதன். “சந்திரன் உள்ளுக்கு எடுக்கிற விதம். புதன் வெளியில சொல்லுற விதம். சோதினைத் தாளில புதனைத்தான் காணலாம், படிக்கிற மேசையில சந்திரனைக் காணலாம்.” நெருப்பு ராசிச் சந்திரன் விடையை முதலில் கண்டுவிட்டுப் பிறகு வழியைத் தேடும். நில ராசிக்கு உதாரணம் கையில் தர வேண்டும். காற்று ராசி கதைத்துக் கதைத்துத்தான் விளங்கிக்கொள்ளும், அதை வாய் மூடிப் படி என்றால் ஒன்றும் ஏறாது. நீர் ராசிக்கு முதலில் ரீச்சரைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் படித்தது மறக்காது. இதோடு சரம், ஸ்திரம், உபயம் சேரும்: தொடங்குகிறவை, விடாமல் நிற்கிறவை, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஓடுகிறவை. சனி பார்த்தால் மெதுவாகும், ஒன்றை இரண்டு தரம் சரிபார்க்கும். வளர்பிறையா தேய்பிறையா என்பதும் பார்க்க வேண்டும். இவள் தேய்பிறைச் சதுர்த்தி.

நீசம் என்று கொம்பியூட்டர் பயப்படுத்தியதை அவர் ஒரு நிமிடத்தில் முடித்தார். சந்திரனுக்குப் பரம நீசம் விருச்சிகத்தில் 3 பாகை, இவள் அதைத் தாண்டி எங்கேயோ நிற்கிறாள். ராசிநாதன் செவ்வாய் கேந்திரம் என்கிற பலமான இடத்தில், ஆகவே நீசபங்கம், நீசம் கழிந்துவிடும். அம்சம் என்கிற இரண்டாவது கட்டத்தில் சந்திரன் தனுசில், குரு வீட்டில். சித்திரையில் பிறந்ததால் சூரியன் உச்சம், பக்கத்தில் புதன். “விருச்சிகம் ஸ்திர நீர். ஒண்டைப் பிடிச்சால் விடமாட்டா. பிடிக்க வைக்கிறதுதான் கஸ்டம். நேரத்தைப் பாத்து விடவும் தெரியாது” என்றார்.

இதைக் கேட்டு நான் அசந்துபோனது உண்மை. ஏனென்றால் இவளின் கணிதத் தாள்களைத் திருத்துகிறவள் நான். கேத்திரகணிதத்தில் ஒரு நிறுவல் பிடித்துவிட்டால் மூன்று விதமாக நிறுவுவாள், பின்னால் நாலு கேள்வி வெறுமையாகக் கிடக்கும். ஆனால் இதைச் சந்திரன் சொன்னதா, அல்லது அரை மணித்தியாலம் பிள்ளையோடு கதைத்த ஒரு கெட்டிக்கார மனிதர் சொன்னாரா? அவரிடமே கேட்டேன். 1985 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்த ஷோன் கார்ல்சனின் சோதனையைப் பற்றியும் சொன்னேன்: சோதிடர்களிடம் ஒரு ஜாதகத்தையும் மூன்று பேரின் ஆளுமைக் குறிப்பையும் கொடுத்து, எது இந்த ஜாதகக்காரருடையது என்று கேட்டார்கள், கண்ணை மூடித் தொட்டாலும் வருகிற மூன்றில் ஒன்றுதான் வந்தது. ஐயா கோபிக்கவில்லை. “ஆளைக் காணாமல் பாத்தால் அப்பிடித்தான் வரும். அதாலதான் நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுறனான்.” அவர் தன் தொழிலுக்காகச் சொன்னார், எனக்கு அது கார்ல்சன் பக்கத்து வாதமாகத்தான் கேட்டது. ஆளைக் கண்டுதான் சொல்லலாம் என்றால் கட்டம் எதற்கு? கதைக்கத் தொடங்குவதற்கு ஒரு சாட்டு என்று நான் நினைக்கிறேன், அந்தச் சாட்டு வேலை செய்கிறது. ‘உன் சந்திரன் இப்படி’ என்று சொன்னால் என் மகள் காது கொடுக்கிறாள். ‘நீ இப்படி’ என்று நான் சொன்னால் கதவைச் சாத்துகிறாள்.

மகனின் குறிப்பையும் காட்டினோம். மிருகசீரிடம், மிதுன ராசி, உபயக் காற்று: ஐந்து கொப்பியை ஒரே நேரத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஆறாவதைத் தேடுகிறவன். விருச்சிகத்திலிருந்து மிதுனம் எட்டாம் இடம், அதாவது சந்திரன் தம்பியின் ராசிக்கு வருகிற இரண்டேகால் நாளும் அக்காவுக்குச் சந்திராட்டமம் என்கிற கூடாத நாட்கள். திரும்பி வரும் வழியிலேயே அவள் இதை அவனுக்கு எதிராகப் பாவிக்கத் தொடங்கிவிட்டாள். இந்த ஒரு தகவலைத் தெரியாமலே விட்டிருக்கலாம்.

“டொக்டர் ஆவாளோ எண்டு மாமி கேக்கச் சொன்னவா” என்று கடைசியில் கேட்டேன். “அதுக்குப் பத்தாம் இடம் பாக்கவேணும், வேற நாள் வாங்கோ. சந்திரனைக் கேட்டால் எப்பிடிப் படிப்பாள் எண்டு சொல்லும், என்ன படிப்பாள் எண்டு சொல்லாது” என்றார். எனக்கு இது பிடித்தது. மாமிக்குப் பிடிக்கவில்லை. மகள் கணிதப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள், இப்போது தாள் செய்யும்போது மேசையில் மணிக்கூடு வைக்கிறாள்.

இனிக் குறைகள். நம்பர் கிடையாது, வந்த ஒழுங்கில் பார்ப்பதாகச் சொன்னாலும் சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் வந்தால் விறாந்தையில் இருக்கிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் இருந்தபோது ஜேர்மனியில் யாரோ வீடு வாங்கலாமா என்று கேட்டு, அதற்கிடையில் எங்களுக்குக் கொண்டுவந்த பிளேன்ரீ ஆறிவிட்டது. அடுத்தவரின் குறிப்பை உள்ளே சத்தமாக வாசிப்பார், வெளியில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். கலியாணம் பேசுகிறவர்கள் கவனம். எழுதித் தரமாட்டார், நீங்கள்தான் எழுத வேண்டும். பரிகாரம் என்று எதையும் விற்கவில்லை, அதற்கு அரைப் புள்ளி கூட்டினேன். செகராசசேகரமாலை என்கிற பழைய சோதிட நூலைப் பற்றித் தொடங்கினால் யாழ்ப்பாண அரசர் காலத்துக்குப் போய்விடுவார், திரும்பி வர நேரமெடுக்கும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அந்தப் பேச்சைக் கிளற வேண்டாம்.

போகிறவர்கள் பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரி அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், பிள்ளை 1996 க்கும் 2006 க்கும் இடையில் பிறந்தது என்றால் முக்கியமாக. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது, 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கியது. அந்தக் காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம்தான் ஓடியது. கொம்பியூட்டருக்கு இது தெரியாது, இலங்கை என்று போட்டால் எல்லா இடத்துக்கும் புது நேரத்தையே எடுக்கும். அரை மணித்தியாலத்தில் சந்திரன் கால் பாகைதான் நகரும், அதனால் ராசி பெரும்பாலும் தப்பிவிடும். லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் எழுகிற ராசிப் புள்ளி, ஏழரைப் பாகை போய்விடும். என் தங்கச்சியின் மகள் 1999 இல் கிளிநொச்சியில் பிறந்தவள், அவளின் குறிப்பைக் கண்டதும் ஐயா கேட்ட முதல் கேள்வி “பழைய நேரமோ, புது நேரமோ?” என்பதுதான். தங்கச்சிக்குத் தெரியவில்லை, மருத்துவிச்சியின் கையில் இருந்த மணிக்கூட்டை யார் பார்த்தது. பழைய நேரத்துக்கு ஒன்று, புது நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் கொடுத்துவிட்டார், காசு ஒன்றுக்குத்தான் எடுத்தார்.